திருவானைக்கா தந்த அலை விஞ்ஞானி சர் சி.வி. இராமன்



சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டியதும் திருவானைக்கோவில் வரும். ஜம்புகேஸ்வரரையும் அகிலாண்டேஸ்வரியையும் கும்பிட வருகிற கூட்டம் இறங்கும், ஸ்ரீரங்கம் போகிற கூட்டம் ஏறும். பஸ் நகர்ந்துவிடும். அந்த ஊரில் பிறந்த ஒருவர்தான் ஆசியாவுக்கே அறிவியலில் முதல் நோபல் பரிசை வாங்கி வந்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்ததுதானே!

ஆனால் நண்பர்களே, அவர் நம்முடைய ஆள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம்முடைய ஆள் என்று நான் சொல்வது திருச்சிக்காரர் என்பதற்காக மட்டும் இல்லை. லேபில் நாம் சி.ஆர்.ஓ. திரையில் பார்க்கிறோமே சைன் அலை, சதுர அலை, ரம்பப் பல் அலை, அவற்றோடு மல்லுக்கட்டியே தன் முதல் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சர் சி.வி. இராமன். நோபல் பரிசு வாங்கித் தந்த ஒளி ஆராய்ச்சிக்கு முன்னால் அவர் ஒலி விஞ்ஞானி. அந்தக் கதையைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, திருவானைக்காவில் தன் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் இராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தந்தை முதலில் பள்ளி ஆசிரியர். 1892இல் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போய்விட்டது. கணிதமும் இயற்பியலும் கற்பித்த அந்தத் தந்தை வயலினும் வாசிப்பார். ஆக, வீட்டில் புத்தகமும் இருந்தது, வயலினும் இருந்தது.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இராமன் வளர்ந்த வீடும் நம்மில் பலர் வளர்ந்த வீடும் ஒன்றல்ல. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனாலும் அந்த வீட்டில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரி. 1904இல் பி.ஏ. முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிரிசத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, பாடத்தில் சொல்லாத சில ஒளிப் பட்டைகள் அவர் கண்ணில் பட்டன. நாமாக இருந்தால் ரீடிங்கை எழுதிவிட்டு வெளியே வந்திருப்போம். அவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். அதுவே 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வெளியாகும் பிலசாபிகல் மேகசீன் இதழில் அவருடைய முதல் கட்டுரையாக வந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம் வயதுதான்!

அந்த நாட்களில் அவர் ஊன்றிப் படித்தவை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலியைப் பற்றி எழுதிய நூலும், ஆங்கில அறிஞர் ராலே பிரபு ஒலியியல் பற்றி எழுதிய நூலும். தந்தையின் வயலினும் இந்த நூல்களும் சேர்ந்துதான் அவரை அலைகளின் பக்கம் இழுத்தன.

பகலில் கணக்கு, இரவில் ஆராய்ச்சி

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக உடல்நிலை இடம் கொடுக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வயிற்றைக் கழுவ முடியாது. அதனால் இந்திய நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம். 1907இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் வீணை வாசிப்பவர். அதே ஆண்டு கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் வேலை. நல்ல சம்பளம், நல்ல மரியாதை. இன்னொருவராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கல்கத்தா பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் மேல் இருந்த பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. பெரிய கூடம், சில கருவிகள், ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. இராமன் போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர்.

அன்றிலிருந்து இராமனின் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலை ஐந்தரை மணிக்குக் கழகம். பத்து மணிக்கு அலுவலகம். மாலை அலுவலகம் முடிந்ததும் மறுபடி கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழகம்தான். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911இல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். இப்படிப் பத்து ஆண்டுகள்!

அந்த ஆசுதோஷ் தேயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அவர் பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவர். கருவிகளை ஒழுங்குபடுத்துவது, சோதனையை நடத்துவது, ரீடிங் எடுப்பது என்று இராமனுக்கு வலது கையாக இருந்தார். 1919இல், அதிர்வெண்ணைத் துல்லியமாக அளக்கும் புதிய முறை ஒன்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஆசுதோஷ் தே. இராமன் அதற்கு முன்குறிப்பு மட்டும் எழுதினார். கீழே வேலை செய்பவரின் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் பெரிய மனிதர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இங்கே நடந்தது வேறு. டிப்ளமோதானே என்று நம்மை நாமே தாழ்வாக நினைக்கும்போதெல்லாம் ஆசுதோஷ் தேயை நினைத்துக்கொள்ளலாம், நண்பர்களே.

கண்ணாடித் தகட்டில் எழுதிய அலை

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். ஒலி அலையின் வடிவத்தைப் பார்க்க நாம் என்ன செய்கிறோம்? மைக்கை சி.ஆர்.ஓ.வில் இணைக்கிறோம், டைம் பேஸைத் திருப்புகிறோம், அலை தெரிகிறது. டிஜிட்டல் ஸ்கோப் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் அலை நின்றுகொண்டே இருக்கும், பென் டிரைவிலும் ஏறிவிடும்.

இராமனிடம் இதெல்லாம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அதிரும் கம்பிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தார். கம்பிக்குக் குறுக்கே ஒரு மெல்லிய பிளவை வைத்து, கம்பியின் ஒரே ஒரு புள்ளியின் நிழல் மட்டும் தெரியும்படி செய்தார். அந்த நிழல் மேலும் கீழும் ஆடும். அது விழும் இடத்தில் போட்டோத் தகட்டை ஒரே சீராக நகர்த்தினார். நிழல் தகட்டில் கோடாக எழுதிக்கொண்டே போனது. கழுவிப் பார்த்தால் கம்பியின் அலைவடிவம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிழலின் ஆட்டம் சி.ஆர்.ஓ.வின் செங்குத்து விலக்கம். நகரும் தகடு டைம் பேஸ். நம் லேபில் இருக்கும் பெட்டிக்குள் நடப்பதை அவர் வெளிச்சத்தையும் தகட்டையும் வைத்துச் செய்துவிட்டார். கம்பியையும் வாத்தியத்தின் உடலையும் ஒரே நேரத்தில் ஒரே தகட்டில் பதிவு செய்தார். டூயல் டிரேஸ்!

இந்த முறையால் அவர் பிடித்த ஒரு பழைய சிக்கல் ஓநாய்ச் சுரம். செல்லோ போன்ற பெரிய வில் வாத்தியங்களில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் மட்டும் ஒலி நிலைக்காமல் ஊளையிடும். எவ்வளவு பெரிய வித்வானாலும் தப்பிக்க முடியாது. கம்பியின் அலையையும் பலகையின் அலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இராமன் காரணத்தைக் காட்டினார். அந்தச் சுரம் வாத்தியப் பலகையின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகிறது. அதாவது ரெசனன்ஸ். பலகை கம்பியிடமிருந்து அளவுக்கு மீறி சக்தியை உறிஞ்சுகிறது. வில்லின் அழுத்தம் போதாமல் கம்பி அடிப்படைச் சுரத்தை விட்டு எட்டாவது சுரத்துக்குத் தாவுகிறது. பலகை அடங்கியதும் பழைய சுரம் திரும்புகிறது. இப்படி மாறி மாறி நடப்பதுதான் ஊளை. 1916இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது.

சதுர அலையும் ரம்பப் பல் அலையும்

வயலின் கம்பியை வில்லால் இழுக்கும்போது என்ன நடக்கிறது? வில்லின் முடியில் பூசிய குங்கிலியத்தால் கம்பி வில்லோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போகும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சட்டென்று வழுக்கித் திரும்பும். மறுபடி ஒட்டும், மறுபடி வழுக்கும். மெதுவாக ஏற்றம், சட்டென்று இறக்கம். எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம் யு.ஜே.டி. ரிலாக்சேஷன் ஆசிலேட்டரில் மின்தேக்கி மெதுவாகச் சார்ஜ் ஏறி, சட்டென்று டிஸ்சார்ஜ் ஆகிறதே, அதேதான்! வயலின் கம்பி தன் பிரிட்ஜின் மேல் செலுத்தும் விசை ரம்பப் பல் அலை.

கம்பி இப்படி அசைகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுவிட்டார். இராமன் ஒரு படி மேலே போனார். கம்பி எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதை விட, அதன் வேகம் என்ன என்று பார்ப்பது எளிது என்று கண்டார். வில் படும் புள்ளியில் கம்பியின் வேகத்தை வரைந்தால் அது இரண்டே மட்டங்கள் உள்ள செவ்வக அலை. ஒட்டியிருக்கும் நேரம் ஒரு மட்டம், வழுக்கும் நேரம் இன்னொரு மட்டம். அந்தப் பல்ஸின் டியூட்டி சைக்கிள் எதைப் பொறுத்தது தெரியுமா? வில்லை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது!

கணக்குக்கு எளிதாக, கம்பியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் வில்லை வைத்ததாகக் கொள்வோம். ஒரு சுற்றின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழுக்கல், ஐந்தில் நான்கு பங்கு ஒட்டல். இருபது சதவீத டியூட்டி சைக்கிள். ஃபூரியர் கணக்குப் போட்டால் அந்தப் புள்ளியின் அசைவில் ஐந்தாவது, பத்தாவது ஹார்மோனிக் காணாமல் போயிருக்கும். 555 டைமரில் டியூட்டி சைக்கிளை மாற்றி ஸ்பீக்கரில் கொடுத்துப் பாருங்கள். அதிர்வெண் அதேதான், ஆனால் குரல் மாறும்.

கம்பியில் இடது பக்கம் ஓடும் வேக அலை ஒன்று, வலது பக்கம் ஓடும் வேக அலை ஒன்று. முனைகளில் மோதித் திரும்பும். எந்தப் புள்ளியிலும் இரண்டையும் கூட்டினால் விடை. இதைத்தான் இராமன் பேப்பரில் கோடு கோடாக வரைந்து, எத்தனை வகையான அசைவுகள் வரமுடியும் என்று வகைப்படுத்தினார். 1918இல் கழகத்தின் வெளியீடாக அந்தப் பெரிய நூல் வந்தது. மனிதக் கை ஒரே அழுத்தத்தில் இழுக்காது என்பதால் வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையும் கட்டினார். அதில் வில் அசையாது, வயலின்தான் வண்டியில் ஏறி முன்னும் பின்னும் போகும்! சுரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வில்லுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அதில் அளந்தார்.

சோறு வைத்த தோல்

நண்பர்களே, மேல்நாட்டு வாத்தியத்தோடு இராமன் நிற்கவில்லை. நம்ம மிருதங்கத்தைக் கையில் எடுத்தார்.

ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் பல அதிர்வெண்கள் வரும். அடிப்படையை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். எதுவும் முழு எண் இல்லை. அதனால்தான் சாதாரணக் கொட்டில் சத்தம் வரும், சுரம் வராது. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டினால் சுருதி சுத்தமாகப் பேசுகிறதே, எப்படி?

1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழிலும், பிறகு 1934இல் விரிவாகவும் இராமன் விடை சொன்னார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். அதிராத இடங்களில் மணல் போய்ச் சேர்ந்து கோலம் போட்டது. அந்தக் கோலங்களைப் பார்த்து அதிர்வு முறைகளை எண்ணினார். நடுவில் இருக்கும் கறுப்புச் சோற்றின் எடையால் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் இடம் மாறி ஐந்தே ஐந்து சுரங்களாகச் சேர்ந்துவிடுகின்றன. அவற்றின் விகிதம் 1 : 2 : 3 : 4 : 5. அச்சு அசலாக ஹார்மோனிக் வரிசை! ஹார்மோனிக் என்றால் அலைவடிவம் ஒவ்வொரு சுற்றிலும் தன்னையே திரும்ப எழுதும். ஸ்கோப்பில் டிரிக்கர் பிடித்து நிற்கும். வெறும் தோலின் அலை அப்படி நிற்காமல் வடிவம் மாறிக்கொண்டே ஓடும். சுரத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். என் அப்பா தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தோல் வேலை செய்கிறவர். மூட்டு கட்டுவது, வார் பிடிப்பது, சோறு வைப்பது அவர் தொழில். ஒருவகைக் கல்லைப் பொடியாக்கிச் சலித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, தோலின் நடுவில் மெல்லிசாக ஒரு பூச்சு வைப்பார். வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவிட்டு அதன் மேல் இன்னொரு பூச்சு. நடுவில் கனமாக, ஓரத்தில் இளைப்பாக, தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வைப்பார். ஒரு பூச்சு கூடினாலும் பேசாது, குறைந்தாலும் பேசாது. ஃபூரியர் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒன்பது அதிர்வு முறைகளை ஐந்தாகச் சேர்க்கும் வேலையைத்தான் அவர் தினமும் திண்ணையில் உட்கார்ந்து செய்கிறார் என்பதை நான் இராமனைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்த கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்தவர்கள் கச்சேரி மேடையில் உட்கார்ந்ததில்லை. படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று ஊர் ஒதுக்கி வைத்த ஒரு தொழிலுக்குள் இவ்வளவு பெரிய இயற்பியல் இருக்கிறது என்று உலகத்தின் முன்னால் அளந்து காட்டியவர் திருவானைக்காவில் பிறந்த இராமன். அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன்.

தம்புராவின் நூல்

ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோவிலில் பெருமாளுக்கு வீணை வாசித்து ஏகாந்த சேவை செய்யும் வழக்கம் உண்டு. அந்த வீணையையும் தம்புராவையும் இராமன் 1921இல் ஆராய்ந்தார். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டிய ஹார்மோனிக் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. நம் தம்புராவில் அது ஒலிக்கிறது! காரணம் வயலினைப் போலக் கூர்மையாக இல்லாமல் அகலமாக, லேசாக வளைந்திருக்கும் அதன் பிரிட்ஜ். தம்புராவில் கம்பிக்கு அடியில் ஒரு நூலையும் சரியான இடத்தில் வைப்பார்கள். கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழும்போது புதிய ஹார்மோனிக்குகள் பிறக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் பாஷையில் சொன்னால் அது ஒரு நான்-லீனியர் சர்க்யூட். ஆசிலேட்டரில் வெறும் சைன் அலையைக் கொடுத்துத் தம்புரா என்று சொன்னால் காது ஏற்காது. எலக்ட்ரானிக் தம்புரா செய்பவர்கள் பிடிக்க வேண்டியது அந்த நூலின் வேலையைத்தான்.

கடல் நீலமும் சைடு பேண்டும்

1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி ஏற்றார். சர் ஆசுதோஷ் முகர்ஜி அழைத்தார். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இராமன் தயங்கவில்லை.

1921இல் கப்பலில் இங்கிலாந்து போய் வந்தார். போன இடத்தில் செயின்ட் பால் தேவாலயத்தின் முணுமுணுப்பு மண்டபத்தில் ஒலி எப்படிச் சுவரோடு ஓடுகிறது என்று ஆராய்ந்தார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் பிரதிபலிப்பு என்று மற்றவர்கள் சொன்னதை ஏற்காமல், தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். அந்தப் பாதை ஏழு ஆண்டுகளில் அவரை 1928 பிப்ரவரி 28ஆம் தேதிக்குக் கொண்டு வந்தது. கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். சூரிய ஒளியும் கண்ணாடி வடிகட்டிகளும் பிறகு பாதரச விளக்கும் சிறிய ஸ்பெக்ட்ரோஸ்கோப்பும்தான் கருவிகள்.

இராமன் விளைவை நம் கம்யூனிகேஷன் பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஏ.எம். ரேடியோவில் கேரியர் அலையை ஒலி அலையால் மாடுலேட் செய்தால் கேரியருக்கு இரண்டு பக்கமும் சைடு பேண்ட் வருகிறது. இங்கே கேரியர் என்பது ஒரே நிற ஒளி. மாடுலேட் செய்வது மூலக்கூறின் அதிர்வு. வெளியே வரும் ஒளியில் பழைய நிறத்துக்குக் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கோடும்! இரண்டு கோடும் ஒரே பிரகாசமாக இல்லாததற்குக் குவாண்டம் கொள்கை வேண்டும் என்றாலும், அடிப்படை இதுதான். கம்பியின் அலையையும் தோலின் அலையையும் பதினைந்து வருடம் அலசிய மனம் மூலக்கூறின் அலையைப் பிடித்ததில் என்ன ஆச்சரியம்? 1930இல் நோபல் பரிசு தேடி வந்தது.

பெங்களூர் நாட்கள்

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1934இல் இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். நாகேந்திர நாத் என்ற இளைஞரோடு சேர்ந்து 1935, 1936ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் நம் துறைக்கு நேரடிச் சொத்து. திரவத்தில் மிகை ஒலி அலையை அனுப்பினால் அது ஒளியை வளைக்கும் ஒரு கிராட்டிங் போல வேலை செய்கிறது என்பதற்கான கணக்கு அவை. ராமன்-நாத் விளைவு என்று இன்றும் பெயர். மின் சிக்னலால் லேசர் கற்றையைத் திருப்பவும் மாடுலேட் செய்யவும் உதவும் கருவிகளுக்கு இதுவே அடிப்படை.

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையையும் சொல்வதுதான் நியாயம். 1933இல் கமலா பாகவத் என்ற மாணவிக்கு, பெண் என்ற காரணத்தால் இராமன் இடம் மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. நிபந்தனைகளோடு சேர்ந்து, படித்துக் காட்டி, பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் வாங்கினார். இராமனும் மாறினார். பின்னாளில் வானிலைத் துறையில் புகழ்பெற்ற அன்னா மணி அவருடைய ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர்தான். நம் வகுப்புத் தோழிகள் நினைவில் வைக்க வேண்டியது கமலாவின் பிடிவாதத்தை!

நிர்வாகத்தில் மோதல்கள் வந்து 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். 1948இல் ஓய்வு பெற்றதும் தன் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21ஆம் தேதி மறைந்தார். அவர் விருப்பப்படி அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அங்கே கல்லறை இல்லை, ஒரு மரம்தான் நிற்கிறது. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம்.

சில்லுக்குள் இராமன்

அவர் பேப்பரில் வரைந்த வேக அலைகள் என்ன ஆயின? கணினி வந்த பிறகு அவற்றுக்கு மறுபடி உயிர் வந்தது. 1983இல் மெக்கின்டயர், ஷூமாக்கர், உட்ஹவுஸ் ஆகிய மூவர் இசைக்கருவிகளின் அதிர்வை எண்களாகக் கணக்கிடும் வழியை எழுதினார்கள். வில் வாத்தியக் கம்பியின் எளிய மாதிரிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரே ராமன் மாடல். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஜூலியஸ் ஸ்மித் என்பவர் இந்த ஓடும் அலைகளை டிஜிட்டல் டிலே லைனாக மாற்றினார். 1994இல் யமஹா நிறுவனம் அந்த முறையில் வி.எல்.1 என்ற சிந்தசைசரை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

கணக்கு எளிதுதான். சி.டி. ஒலியில் ஒரு வினாடிக்கு 44,100 சாம்பிள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 மட்டங்களில் ஒன்று. நினைவகத்தில் நூறு சாம்பிள் இடது பக்கம் போகும் வரிசை, நூறு சாம்பிள் வலது பக்கம் போகும் வரிசை என்று வைத்து, முனைகளில் குறியை மாற்றித் திருப்பிவிட்டால் ஒரு சுற்றுக்கு 200 சாம்பிள். 44,100ஐ 200ஆல் வகுத்தால் 220.5 ஹெர்ட்ஸ். ஒரு வயலின் கம்பி ரெடி! ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் வில்லை வைத்தால் 40 சாம்பிள் வழுக்கல், 160 சாம்பிள் ஒட்டல். ஷிஃப்ட் ரிஜிஸ்டர் தெரிந்த எந்த டிப்ளமோ மாணவனும் இதைப் புரிந்துகொள்ள முடியும். ஒரு மைக்ரோ கன்ட்ரோலரில் செய்தும் பார்க்க முடியும். நூறு வருடத்துக்கு முன்னால் பென்சிலால் வரைந்ததை இன்று சில்லு வரைகிறது.

நமக்கு என்ன?

இராமனின் கதையை எல்லாரும் மேதையின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மேதை என்றதும் நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவி விடலாம் அல்லவா! நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பத்து மணி வரை கம்பியின் நிழலைப் படம் பிடித்தது உழைப்பு. பக்கத்தில் இருந்த வயலினையும் மிருதங்கத்தையும் தம்புராவையும் சோதனைப் பொருளாக எடுத்தது பார்வை. உதவியாளரின் பெயரில் கட்டுரை வரவிட்டது பண்பு. இந்த மூன்றுக்கும் மேதைத்தனம் தேவையில்லை.

நம் எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு தொழில் இருக்கிறது. தறி இருக்கும், ஏர் இருக்கும், பட்டறை இருக்கும், தோல் இருக்கும். அதை விட்டு ஓடுவதற்காக மட்டும் படிக்கிறோம் என்று நினைக்காமல், அதற்குள் என்ன கணக்கு இருக்கிறது என்று ஒரு நாள் லேபுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இந்த வருட பிராஜெக்ட்டுக்கு நானும் என் நண்பர்கள் இருவரும் எடுத்திருப்பது அதைத்தான். அப்பா சோறு வைக்கும்போது ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒரு தட்டு தட்டச் சொல்லி, மைக் வைத்துப் பதிவு செய்து, ஹார்மோனிக் வரிசை எந்தப் பூச்சில் கூடி வருகிறது என்று பார்க்கப் போகிறோம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் மூன்று மாணவர்களின் பெயரோடு அப்பாவின் பெயரும் இருக்கும்.

வாழ்க சர் சி.வி. இராமனின் புகழ்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை